இருநூற்றுப் பதினெட்டு நாள்

ஏகாம்பரகுப்பம் பள்ளி மைதானத்தில்
தகரப் பந்தல், முந்நூறு நாற்காலி,
ஆளுக்கு எண்பது ரூபாய்.
எட்டரை மணித் தொடரை மேடையில் போடுகிறார்கள் என்று
ஆட்டோவில் இரண்டு மொழியிலும் கத்திக்கொண்டு போனார்கள்.
ஒன்பதுக்குத் தறியை நிறுத்துகிற முதலாளி
அன்று ஆறுக்கே நிறுத்தினார்.
அவர் மனைவியும் பார்க்கிறவள்தான்.

முதலில் எல்லாருக்கும் ஏமாற்றம்.
இவளா மகிழினி? இவ்வளவு குட்டையா?
மாமியாருக்கு மூக்குத்தி அந்தப் பக்கமாச்சே.
கோபத்தில் திரும்பினால்
மூன்று தடவை திரும்ப வேண்டாமா,
ஒரே தடவையோடு போகிறாளே!
"இவருக்குப் பதில் இவர்" என்று
பின்வரிசைப் பையன் ஒருவன் கத்த,
பந்தலே சிரித்தது.
மாமியார் வேஷக்காரியும்
முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துவிட்டாள்.
அதை நாங்கள் மன்னிக்கவில்லை.
அது சிரிக்கிற வாய் இல்லை.

பாலில் மருந்து கலந்தபோது
பஞ்சர் கடை சின்னப்பரெட்டி எழுந்து
"குடிக்காதே அம்மா" என்றார்.
குடித்துவிட்டாள்.
அப்புறம் அவர் உட்காரவே இல்லை.
பின்னால் இருந்தவர்கள்
அந்தக் காட்சி முழுக்க அவர் முதுகைத்தான் பார்த்தார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு.

எங்கள் ஊரில் அவளுக்கு இரண்டு பெயர்.
சென்னைச் சேனலில் மகிழினி,
ஐதராபாத் சேனலில் ஸ்ராவணி.
அதே முகம், அதே புடவை, அதே கண்ணீர்,
உதடு மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே.
புருஷன் இங்கே கதிரவன், அங்கே சூர்யம்.
தெலுங்கு பேசவைத்துப் போடுவதற்குள்
இருநூற்றுப் பதினெட்டு நாள் பிந்திவிடுகிறது.
காலண்டரில் நானே எண்ணினேன்.

ஆக, கதிரவன் போன ஆடியில்
லாரியில் அடிபட்டுச் செத்தான்.
சூர்யம் இன்னும்
காலையில் காப்பி கேட்டுக்கொண்டிருக்கிறான்.

ரெட்டெம்மாவும் நானும் ஒரே ஷெட்டு.
அவள் ஏழாம் தறி, நான் எட்டு.
சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேசுவோம்,
அவள் தெலுங்கில், நான் தமிழில்,
பதினோரு வருஷமாக.
நேற்று சூர்யம் வளையல் வாங்கித் தந்தான் என்பாள்.
அறுந்த இழையை முடிபோட்டபடி
அப்படியா என்பேன்.
அந்த வளையலை எந்தக் கிழமை உடைத்தார்கள் என்பது
எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.
சொன்னால்தான் என்ன, கதைதானே.
ஆனால் அவள் வீட்டுக்காரர் குவைத்தில் லாரி ஓட்டுகிறார்.

மேடையில் லாரி இல்லை.
ஒரு ஹாரன், ஒரு சிவப்பு விளக்கு,
ஒற்றைச் செருப்பு ஒன்று பறந்துவந்து விழுந்தது.
பந்தல் இரண்டாகப் பிளந்தது.
அடுத்தது சுடுகாடு என்று
பாதிப்பேர் வறுகடலைப் பொட்டலத்தைப் பிரிக்க,
பாதிப்பேர் "சம்பேசாரே! சம்பேசாரே!" என்று எழுந்துவிட்டார்கள்.
கோழிக்கடைக்காரி காசைத் திருப்பிக் கேட்டாள்.
முன்வரிசையில் ஒருத்தி
பக்கத்து நாற்காலிக்காரியைக் கட்டிக்கொண்டு
"எங்களுக்கும் அன்னிக்கு இப்படித்தான் இருந்துச்சு" என்று
துக்கம் விசாரித்தாள்.

ரெட்டெம்மா அழவில்லை.
மேடையைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தாள்.
பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகத்
தமிழில் கேட்டாள்:
"உனக்குத் தெரியும்தானே?"

தறி ஓடவில்லை, கத்த வேண்டியதில்லை.
ஆனாலும் எனக்குக் குரல் வரவில்லை.

கடைசியில் அவர்கள் கதையை முடித்தும் காட்டினார்கள்.
வில்லி திருந்தினாள், மகிழினி கடை திறந்தாள்.
ஒருவரும் கை தட்டவில்லை.
டிவியிலேயே இன்னும் முடியலையே,
இவங்களுக்கு மட்டும் யார் சொன்னது
என்று பேசிக்கொண்டே
செருப்பு தேடினோம்.

செவ்வாய் வரை ஏழாம் தறிப் பக்கம் பேச்சில்லை.
புதன்கிழமை மதியம்,
தார் மாற்றுகிற இடைவெளியில், தெலுங்கில்,
நேற்று சூர்யம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டான் என்றாள்.
என் கணக்கில் அவனுக்கு
இன்னும் பத்தொன்பது நாள்.
அவள் கணக்கிலும்.

என்ன சட்டை போட்டிருந்தான் என்று கேட்டேன்.

நீலம் என்றாள்.
கை முழுக்கை.